சட்டக் கந்தோர்களில் எம் பழைய மாணவிகள்

நூற்றாண்டு மலருக்கான விபரங்களைத் திரட்டத் தொடங்கியபோது நாம் முதலில் பார்த்தது மண்டபத்திலுள்ள சாதனைப் பலகையைத்தான். வைத்தியர்கள், அதிபர்கள், பொறியியலாளர்கள், சட்டத்தரணிகள் எல்லோரும் இருக்கிறார்கள். சட்டத்தரணிகளின் கந்தோர்களில் முப்பது வருடம் இருந்து உழைத்தவர்கள் ஒருவரும் இல்லை. சங்கத்தின் பழைய சந்தாப் புத்தகங்களில் "கிளாக்கர்", "தட்டெழுத்தாளர்" என்று தொழிலைக் குறித்திருந்தவர்கள் பலர் அவர்களே என்பது பிறகுதான் எமக்குத் தெரியவந்தது.

எமது சங்கம் தொடங்கிய நாட்களில் இந்நாட்டில் ஒரு பெண் பிறக்கிராசியாகவோ அப்புக்காத்தாகவோ வரமுடியாது. 1933 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே அந்தத் தடையை நீக்கியது. தடை போனாலும் கொழும்புக்குச் சென்று சட்டக் கல்லூரியில் படிக்க எத்தனை வீடுகளில் பணமும் மனமும் இருந்தன? எஸ்.எஸ்.சி. முடித்து, தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பழகி, ஊரிலுள்ள ஒரு கந்தோரில் சேருவதே பலருக்கு இயன்ற வழியாக இருந்தது. "பொம்பிளைப் பிள்ளை பிறக்கிராசியார் கந்தோரிலையோ?" என்று கேட்ட உறவினர்களே பின்னர் காணி அலுவல் வந்ததும் அந்தப் பிள்ளையிடம் வந்து நின்றார்கள் என்று எம் மூத்த அக்காமார் சொல்லிச் சிரிப்பார்கள்.

அங்கே செய்த வேலை வெறும் ரைப் அடிப்பு அல்ல. 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாத காணி விற்பனை செல்லாது. உறுதி எழுதுமுன் காணிப் பதிவகத்தில் பதிவுகளைத் தேடவேண்டும். ஈடு உண்டா, வழக்கு உண்டா என்று பார்க்கவேண்டும். பிறகு எல்லைகள். கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை, பயன்தரு மரங்கள். ஒரு சொல் விடுபட்டால் இரண்டு தலைமுறைக்கு வேலிச் சண்டை. எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் பதிவகத்துக்குப் போய்ச் சேரவேண்டும். ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் எழுந்தால், 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பின்னர் எழுதிய உறுதியும் நேர்மையாக விலை கொடுத்து முதலில் பதியப்பட்டிருந்தால் முந்திக்கொள்ளும். ஆகவே பதிவகத்துக்குப் போகவேண்டிய நாளை மறந்த கிளாக்கர் நல்ல கிளாக்கர் அல்ல.

யாழ்ப்பாணத்தில் இன்னொன்றும் உண்டு, தேசவழமை. சொத்து முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா என்று கேட்டறியாமல் ஓர் உறுதியும் எழுதமுடியாது. மணமான பெண் தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மத வாசகத்தை ஆயிரம் தடவை தட்டெழுதியவர்களும் பெண்களே. "அடிக்கும்போது கோபம் வரும், ஆனால் பிழை வராது" என்றார் எம் உறுப்பினர் ஒருவர்.

1974 இல் பிறக்கிராசி, அப்புக்காத்து என்ற வேறுபாடு ஒழிந்து எல்லோரும் சட்டத்தரணிகள் ஆனார்கள். கந்தோரின் பெயர்ப்பலகை மாறியது. உள்ளேயிருந்த அக்காவின் மேசை மாறவில்லை.

பிறகு வந்த காலத்தைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை, வாசிப்பவர்கள் எல்லோரும் அறிந்ததே. ஒன்றை மட்டும் பதிந்து வைக்கிறோம். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, எமது உறுப்பினர் ஒருவர் உடுப்புப் பையை விட்டுவிட்டு, தான் வேலை செய்த நொத்தாரிசின் உறுதிக்கட்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். மழையில் நனையாமல் இருக்கத் தன் குடையை அவற்றின் மேல் பிடித்தார். நொத்தாரிசு அப்போது கொழும்பில் இருந்தார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்தக் கட்டுகளிலிருந்து பின்னர் பிரதி பெற்றவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். இதை வாசிப்பவர்களிலும் இருக்கலாம்.

போர் முடிந்த பின்னர் இந்த வேலையின் தன்மையே மாறிற்று. தொலைந்த பிறப்புச் சான்றிதழ், காணாமற்போனவருக்கான பத்திரம், பிறர் குடியிருக்கும் காணி. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் வழக்காட முடியாதிருந்தவர்களின் காணியுரிமை ஆட்சிக்காலத்தால் அற்றுப்போகாதிருக்க 2016 இல் தனிச் சட்டம் வந்தது. அதை விதவைப் பெண்களுக்கு விளங்கப்படுத்தி, சத்தியக் கடதாசிக்கு வேண்டிய விபரங்களைப் பொறுமையாகக் கேட்டு எழுதியவர்களில் எம் இளைய உறுப்பினர்களும் உள்ளனர்.

புலம்பெயர்ந்த இடங்களில் இதே வேலைக்கு வேறு மதிப்பு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2007 முதல் இத்தகைய சட்டப் பணியாளர்களுக்குச் சட்டச் சங்கமே உரிமம் வழங்குகிறது. சிறு கோரிக்கை நீதிமன்றத்திலும் வாடகைப் பிணக்குகளிலும் அவர்களே கட்சிக்காரருக்காக எழுந்து பேசலாம். ரொறன்ரோவிலுள்ள எம் தங்கைமார் சிலருக்கு அந்த உரிமம் உண்டு. முப்பது வருடம் எழுந்து பேச உரிமையின்றி இருந்த அக்காமாரை நினைக்கையில் எமக்குச் சற்றுப் பொறாமைதான்.

இதுவரை இருபத்தொரு பெயர்களைச் சேர்த்திருக்கிறோம். இன்னும் தெரிந்தவர்கள் பெயர், படித்து வெளியேறிய ஆண்டு, வேலை செய்த ஊர் ஆகியவற்றைச் செயலாளருக்கு அறியத்தாருங்கள். பலகையின் கீழ்ப்பகுதியில் இடம் போதுமா என்று தச்சரிடம் கேட்டோம். புதிதாக ஒன்று அடிக்கலாம் என்கிறார்.