ஐம்பதுக்கு மேல் அச்சடித்தால்

விஸ்வநத்தத்தில் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தபோது, ஒரு பார்ட்டி ஆங்கில விளையாட்டு அட்டை ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, இதே மாதிரி ஆயிரம் அடிச்சுத் தாங்க" என்றார். பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்தோம். தப்போ என்று ரொம்ப நாள் உறுத்தல்.

பேரன் போன வாரம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்குத் தானே எழுதிய கணக்குப் போடும் புரோகிராமை நண்பர்களுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டான். எனக்குக் கல்கத்தா சகோதரர்கள் ஞாபகம் வந்தது.

ரஜத், ஜெயந்த் அகர்வாலா இருவரும் ஸ்கிராபிள் போலவே 'ஸ்கிராபுலஸ்' செய்து இணையத்தில் விட்டார்கள். பேஸ்புக்கில் லட்சக்கணக்கானோர் ஆடினார்கள். மாட்டெல் கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2008 செப்டம்பரில் நீதிபதி ரவீந்திர பட் உத்தரவிட்டார்: பெயர் வர்த்தக முத்திரை, அதைத் தொடக்கூடாது, பலகைக்கும் விதிக்கும் பதிப்புரிமை இல்லை.

அதில் ஒரு காரணம்தான் எனக்குப் பிடித்தது. 1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 15. டிசைனாகப் பதியக்கூடியதைப் பதியாமல், உரிமையாளரே இயந்திரத்தில் ஐம்பது தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் பதிப்புரிமை போயிற்று. ஐம்பதாம்! நம்ம ஊரில் கலர் செட்டாவதற்குள்ளேயே அதைவிட அதிகத் தாள் வீணாகும்.

புத்தகத்தின் வாசகமும் ஓவியமும் வேறு, அவை உரியவருடையவை. ஆனால் பேரன் ஆட்டத்தின் அடிப்படை விதிகளை, ரசிகர்கள் கொதித்தபின், 2023 ஜனவரியில் ஹாஸ்ப்ரோவின் கிளை நிறுவனமே திறந்துவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும்.

பேரன் ஓவியங்களை எடுத்துவிட்டான். பெயர்தான் இன்னும் வைக்கவில்லை.