பிறப்பால் வந்த நாற்காலி

நீதிமன்ற எழுத்தர் பதவிக்குத் தேர்தல் நடைபெறுவதுண்டு என்றால் நம் இளைஞர்கள் வியப்படையக்கூடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல மாநிலங்களில் அப்பதவிக்கு வேட்பாளர்கள் நின்று, சீர்திருத்தம் செய்வோம் என்று வாக்குறுதி தந்து, மக்களிடம் வாக்குக் கேட்கின்றனர். நம் சென்னை மாகாணத்திலோ, கிராமத்து நீதிபதியாகவும் கணக்கராகவும் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் பிறப்பாலேயே அமர்ந்தனர். முன்சீப்பின் மகன் முன்சீப். கர்ணத்தின் மகன் கர்ணம்.

1816 ஆம் ஆண்டின் நான்காம் ஒழுங்குமுறைச் சட்டம், பத்து ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தைக் கிராம முன்சீப்புக்கு அளித்தது. அவ்வாண்டின் பதினோராம் ஒழுங்குமுறைச் சட்டமோ சிறு குற்றங்களுக்குத் தண்டனை வகுத்தது. பிற சாதியார் என்றால் சாவடியில் பன்னிரண்டு மணி நேரம் வரை காவல். தாழ்ந்த சாதியார் என்றால் ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் காலை மாட்டி வைக்கலாம்! இழிவான தண்டனை என்று சட்டமே ஒப்புக்கொண்டு, அதனை நம் மக்களுக்கு ஒதுக்கியது. மன்றோவின் ரயத்துவாரி முறையை நாம் வகுப்பில் விரிவாகக் கற்பிக்கிறோம். தொழுமரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அந்நாளில் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். ஆனால் இன்று நம் மாவட்டத்தைச் சேர்ந்த அறந்தாங்கிப் பகுதி தஞ்சை ஜில்லாவில், ஆங்கிலேய ஆட்சியின் கீழ் இருந்தது.

1895 ஆம் ஆண்டின் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் வாரிசு முறைக்கு வலுவூட்டியது. வெட்டி, தோட்டி ஆகிய ஊழியங்களும் அச்சட்டத்தில் இருந்தன. பரம்பரை உரிமை என்ற பெயரில் ஒரு குடும்பத்துக்கு எழுதுகோல் கிடைத்தது. நம்மவர்க்கு ஏவல் கிடைத்தது.

கர்ணத்தின் எழுதுகோலை எளிதாக எண்ணிவிடலாகாது. நிலத்தை உழுதவர் யார், விளைந்தது என்ன என்பதை அடங்கலில் எழுதுபவர் அவரே. பின்னர் வழக்கு எழுந்தால் நீதிமன்றம் கேட்பதும் அந்த ஏட்டையே. நாற்பது ஆண்டு உழுதவனாயினும், அடங்கலில் பெயர் ஏறாவிடில் அவன் எதைக் காட்டுவான்?

இம்முறைக்குப் பேரடி விழுந்தது 1960 இல். ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் கிராம முன்சீப் பதவி ஒன்றுக்குப் போட்டி எழுந்தது. ஒருவர் விண்ணப்பித்து நியமனம் பெற்றார்; மற்றவர் முன்சீப்பின் மகன் என்ற உரிமையைக் கோரினார். கசுல தசரத ராமராவ் வழக்கு எனப்படும் அவ்வழக்கில், கிராமப் பதவியும் அரசுப் பதவியே என்றும், வம்சத்தைக் காரணம் காட்டி அதனைப் பிறர்க்கு மறுப்பது அரசியலமைப்பின் 16 ஆம் பிரிவுக்கு முரண் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்சட்டம் நம் மாகாணத்துச் சட்டமே என்பதை இளைஞர்கள் கருத வேண்டும்.

ஆயினும் தீர்ப்பு வந்தவுடன் நாற்காலி காலியாகிவிடவில்லை. இருபது ஆண்டுகள் கழிந்தே, 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தின் வாயிலாகப் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. 1981 இல் அது சட்டமாயிற்று. பதவி இழந்தோர் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 1982 இல் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. அவர்களுள் வறியோரும் இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை.

அவ்விடத்திற்கு வந்தவரே கிராம நிர்வாக அலுவலர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, தேர்வாணையத்தின் போட்டித் தேர்வு, இனவாரி இடஒதுக்கீடு ஆகியவற்றின்வழி அவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டவர்களின் வழிவந்தோரும் இன்று சிட்டாவையும் அடங்கலையும் கையாளும் அலுவலர்களாக அமர்கின்றனர்.