ராபர்ட் எரிக் ஃப்ரைகன்பெர்க்

தென்னிந்தியச் சமூகத்தையும் சமயத்தையும் ஆராய்ந்த அமெரிக்க வரலாற்றாசிரியர். 1930-இல் உதகமண்டலத்தில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தார், படித்தது கொடைக்கானலில்.

சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, அமெரிக்க மதுரை மிஷனார் 1845-இல் பழனி மலையேறி வீடு கட்டினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1901-இல் 13 பேரோடு தொடங்கிய ஹைகிளர்க் பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. அங்கிருந்து வந்த ஃப்ரைகன்பெர்க் லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் பேராசிரியராக இருந்தார்.

1965-இல் வெளியான 'குண்டூர் மாவட்டம், 1788–1848' அவருக்குப் பெயர் வாங்கித் தந்த நூல். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் கலெக்டர் ஆண்டார் என்று நாம் படித்திருக்கிறோம். கணக்கு யார் கையில் இருந்தது என்று தேடிப் போனார் இவர். கலெக்டர் கச்சேரியில் தலைமை எழுத்தர்களான மராத்திய பிராமண சிரஸ்தேதார்களும் ஊரில் கணக்கர்களான கர்ணங்களும் கைகோத்து, கறையான் மரத்தை அரிப்பதுபோல நிர்வாகத்தை உள்ளுக்குள் அரித்துவிட்டிருந்தார்கள். வெளியே பட்டை மட்டும் பளபளத்தது. 1833 பஞ்சத்துக்குப் பிறகும் குண்டூரின் வருவாய் தேறாமல் போகவே, வால்டர் எலியட் என்ற கம்பெனி அதிகாரி விசாரணைக்கு வந்தார். அமராவதிச் சிற்பங்களைத் தோண்டியெடுத்தவரும் இதே எலியட்தான்.

இந்து சமயம் இன்றைய நிறுவன வடிவைப் பெற்றதில் கம்பெனி அரசுக்கும் பங்குண்டு என்பது ஃப்ரைகன்பெர்க்கின் அடுத்த வாதம். 1817-ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குவிதியால் கோயில் நிர்வாகம் சென்னை அரசின் மேற்பார்வைக்கு வந்ததை இதற்குச் சான்றாக்கினார். இதை ஏற்காதவர்கள் பலர். ஆனால் அறநிலையத் துறையின் பூர்வகதை தெரிந்த தமிழ் வாசகருக்கு இந்த வாதம் அவ்வளவு விநோதமாகப் படாது.

2008-இல் வந்த 'இந்தியாவில் கிறிஸ்தவம்' அவருடைய பெருநூல். கம்பெனியார் மிஷனரிகளை நெடுங்காலம் தொல்லையாகவே கருதினார்கள் என்று அது காட்டுகிறது. அதைவிட முக்கியமானது, மிஷனரியின் மகன் எழுதிய அந்நூலில் மிஷனரிகள் பின்னுக்குப் போய் உள்ளூர் உபதேசியார்கள் முன்னே வருவது. தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற வேதநாயகம் சாஸ்திரியாரும், திருநெல்வேலிச் சீமையில் மக்களைத் திரட்டிய தாவீது சுந்தரானந்தமும் அந்த வரிசையில் வருகிறவர்கள். சுந்தரானந்தத்தின் முயற்சியால் 1799-இல் உருவான கிறிஸ்தவக் குடியிருப்புதான் முதலூர்.