ஊவா மலைநாட்டுப் புகைப்படக்காரர்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிவந்த நூல்களைப் புரட்டுவோர் ஒரே விதமான படங்களைத் திரும்பத் திரும்பக் காண்பர். தலையிற் கயிறு மாட்டி முதுகிற் கூடை சுமந்த பெண்கள் செடிகளின் நடுவே நிற்பர். படத்தின் கீழே ‘தமிழ்க் கூலிகள்’ என்றோ ‘கொழுந்து பறிக்கும் பெண்’ என்றோ ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பெயர் இராது. ஸ்கீன் கம்பனியாரும், ஸ்கோவென் கம்பனியாரும், 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனத்தாரும் எடுத்து விற்ற படங்களும் அஞ்சலட்டைகளும் இத்தகையனவே. உலகப் புகழ் பெற்ற புகைப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரூன் அம்மையார், 1875ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, 1879இல் இந்த மலைநாட்டிலேயே காலமானவர். அவர் இங்கு எடுத்தவற்றுள் எஞ்சிய சில படங்களிலும் நாட்டு மக்களின் முகங்கள் இருக்கின்றனவே தவிர, அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் இல்லை. மலையருவியும் கோப்பித் தோட்டமும் போலத் தொழிலாளியும் காட்சியின் ஓர் அங்கமாகவே கொள்ளப்பட்டான்.

அந்தத் தொழிலாளி தானே விரும்பி, தன் கைக்காசைக் கொடுத்து, தனக்கென்று ஒரு படம் எடுத்துக்கொண்ட காலம் பின்னரே வந்தது. அதற்கு வழிசெய்தவர் பெரிய கம்பனிக்காரர் அல்லர். சிறு பட்டினத்துக் கடைத்தெருவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் திரை கட்டியிருந்த புகைப்படக்காரரே.

புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையை அடைந்தது. மேலும் முப்பது ஆண்டுகள் கழிந்து 1924இலேதான் பதுளை வரை வந்தது. கண்ணாடித் தகடு, இரசாயனம், காகிதம் யாவும் கொழும்பிலிருந்தே வரவேண்டிய தொழில் இது. மாட்டு வண்டியில் மலையேறும் கண்ணாடி எத்தனை முழுதாக வந்து சேரும் என்பதை எண்ணிப் பார்த்தால், புகையிரதம் இத்தொழிலுக்கு என்ன செய்தது என்பது விளங்கும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலி-எல, தெமோதரை, நமுனுகுல முதலிய இடங்களின் தோட்டத்து மக்களுக்கெல்லாம் பதுளையே பட்டினம். சம்பளம் வாங்கியபின் வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சந்தைக்கு வருவார்கள். தீபாவளி முற்பணம் கையில் இருக்கும் நாட்களில் படக்கடை வாசலிலும் கூட்டம் நிற்கும்.

உள்ளே சென்றால், பின்புறத்தில் தீட்டிய திரை தொங்கும். அதில் மாளிகைப் படிக்கட்டும், தூணும், பூந்தோட்டமும். மேசைமேற் காகிதப்பூ. பத்தடி நீளமும் பன்னிரண்டடி அகலமுமான லயத்து அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தவர்கள் அந்தத் திரையின் முன்னே வந்து நின்றார்கள். கோட்டும் கைக்கடிகாரமும் இல்லாதவர்க்குக் கடையிலேயே இரவல் கிடைக்கும். பொய்த்தோற்றம் என்று இதனை எள்ளி நகையாடியோர் உண்டு. அது சரியான தீர்ப்பாகாது. பிரட்டுக்களத்தில் ஒரு தொகையாக எண்ணப்பட்டவன், செக்ரோலில் ஒரு வரியாக எழுதப்பட்டவன், இங்கே நாற்காலியில் அமர்ந்தான். மனைவி அதன்மேற் கை வைத்து நின்றாள். மூன்றாமவர் ஒருவர் அவர்களுடைய முகவாயைச் சற்றே உயர்த்துமாறு பணிவாகக் கேட்டார்.

கல்யாணப் படமே தொழிலின் முதற்சோறு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆகவே கமராவும் ஓய்ந்திருக்கும். தை மாதத்தில் முகூர்த்தங்கள் குவியும்போதோ, ஊவாவில் வடகீழ்ப் பருவ மழையின் வால் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். மூடுபனியில் ஒளி மங்கி, மாப்பிள்ளையும் பெண்ணும் ஓரிரு வினாடி மூச்சையடக்கி அசையாது நிற்கவேண்டியதாயிற்று. பழைய படங்களில் மணமக்கள் சிரிப்பதில்லை என்று இன்றைய இளைஞர் வியக்கின்றனர். நாணமும் மரபும் ஒரு பாதி காரணமென்றால், இந்த மங்கிய ஒளி மறுபாதி. ஆவணி முகூர்த்தங்கள் வேறு. தென்மேற்குப் பருவத்தில் மேற்குச் சரிவுகள் மழையில் நனையும்போது ஊவாவிலே வறண்ட காற்று வீசும். தேயிலைக்கு நறுமணம் ஏற்றுவதும் புகைப்படக்காரருக்கு வெளிச்சம் தருவதும் அந்தக் காற்றுக் காலமே.

தோட்டத்துக்கே சென்று படம் பிடிப்பதென்றால் அது ஒருநாட் பிரயாணம். பஸ் நின்ற இடத்திலிருந்து, முக்காலியும் பெட்டியும் சுமக்க ஒரு பையனுடன், தேயிலைக்குள் ஏறும் குறுக்குப் பாதையில் நடக்கவேண்டும். தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதியின்றி அந்நியர் நுழைவது குற்றமாகக் கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. லயத்துச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினால் அதுவே திரை. நாற்காலி கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து வரும்.

கடைக்குத் திரும்பிய பின்னரே உண்மையான வேலை. இருட்டறையிற் சிவப்பு விளக்கின் கீழே தகட்டைக் கழுவி உலர்த்துவர். பின் கூரிய பென்சிலால் அதன்மேல் மெல்லத் தீட்டி, அம்மைத் தழும்பையும் கண்ணின்கீழ்க் கருமையையும் மறைப்பர். நிறத்தையும் சற்று வெளுக்கச் செய்வதுண்டு. வாடிக்கையாளர் அதனைக் கேட்டே வாங்கினர் என்பதையும் மறைப்பதற்கில்லை. மலைநாட்டு ஈரத்திற் பூஞ்சணம் கண்ணாடி வில்லையையும் விடாது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் சட்டத்தின்படி விண்ணப்பிப்போர், 1946 ஜனவரிக்கு முன் மணமானோராயின் ஏழு ஆண்டும், ஆகாதோராயின் பத்து ஆண்டும் இடைவிடாது இலங்கையில் வாழ்ந்ததைக் காட்டவேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. உரிமை கிடைத்தது ஏறக்குறைய ஓர் இலட்சத்து முப்பத்துநாலாயிரம் பேருக்கே. தகரப்பெட்டியின் அடியிற் பிறப்புச் சாட்சிப் பத்திரமும், பழைய துண்டும், கல்யாணப் படமும் ஒன்றாகக் கிடந்தன. படத்தை எந்த அதிகாரியும் கேட்கவில்லை.

கேட்கும் நாள் 1964க்குப் பின் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 30ஆந் தேதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். அதே படக்கடைக்கு அதே மக்கள் வந்தார்கள். ஆனால் மாளிகைத் திரை சுருட்டப்பட்டு வெற்று வெள்ளைத் துணி தொங்கியது. தலைக்கட்டு அவிழ்க்கப்பட்டது. நேரே பார்க்கச் சொன்னார் புகைப்படக்காரர். முகவாயை உயர்த்தச் சொல்லவில்லை. தழும்பை மறைக்கும் பென்சிலுக்கு அங்கே வேலையில்லை, அடையாளம் காட்டுவதற்கன்றோ அந்தப் படம்! அவருடைய தொழிலுக்கு அவ்வளவு வருமானம் அதற்குமுன் வந்திருக்க முடியாது. அவருடைய வாடிக்கையாளரையே நாடு கடத்திய வருமானம் அது.

பெற்றோர் இந்தியாவுக்கும் மணமான மகள் இலங்கைக்கும் எனப் பிரிந்த குடும்பங்கள் பல. அத்தகையோர் வெள்ளைத் துணி வேலை முடிந்ததும் மறுபடி பழைய திரையை விரிக்கச் சொல்லி, எல்லாருமாக நின்று இன்னொரு படம் எடுத்துக்கொண்டனர். போவோர்க்கு ஒரு பிரதி, இருப்போர்க்கு ஒரு பிரதி. ஒருவர் வரமுடியாமற் போயிருந்தால் அவருடைய தனிப்படத்தை வெட்டி ஒட்டி மறுபடி பிடித்து அந்த வெற்றிடத்தை நிரப்புவதும் இத்தொழிலின் ஒரு கைவினை. பின்னர் தலைமன்னாருக்குப் புகையிரதம். மலையக மக்கள் அதற்கு இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. கப்பற் போக்குவரத்து 1984இல் நின்றபோது, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்திருந்தனர்.

1983 ஜூலைக் கலவரத்திற் பதுளைப் பட்டினத்துத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எரிந்த வீடுகளோடு சுவரிலிருந்த படங்களும் போயின. மற்ற இடங்களிற் கண்ணாடித் தகடுகள் சுரண்டிக் கழுவப்பட்டுச் சன்னலுக்கும் படச் சட்டத்துக்கும் பயன்பட்டன. வண்ணப்படமும் இயந்திரக் கழுவலும் வந்தபின் இருட்டறை மூடப்பட்டது. இன்று தோட்டத்து இளைஞர் கைப்பேசியிலேயே எடுத்துக்கொள்கின்றனர்.

ஆகவே பழைய படங்களைத் தேடுவோர் பதுளையில் மட்டும் தேடிப் பயனில்லை. தாயகம் திரும்பியோருக்கென நீலகிரியில் 1968 முதல் அமைக்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் வாழும் குடும்பங்களிடமும் அவற்றைக் கேட்கவேண்டும். சட்டத்திலிருந்து கழற்றித் திருப்பினால், அட்டையின் பின்புறத்தில் மங்கிய ஊதா மையிற் கடையின் முத்திரையும் அதன்கீழ் ஊரின் பெயரும் சில வேளைகளில் இன்னும் வாசிக்கக் கிடைக்கும்.