முன்சக்கர பேரிங்: வீட்டிலேயே மாற்றலாமா?

வேகம் கூடக் கூட முன்சக்கரத்தில் ‘ஊங்’ என்ற இரைச்சல் அதிகரித்தால், பேரிங் தேய்ந்திருக்கலாம். இடப்பக்கம் வளையும்போது சத்தம் கூடினால், பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங்கே காரணம். திருப்பத்தில் காரின் பாரம் அங்கே சாய்கிறது.

பேரிங் இரு வகைப்படும். ஹப்புடன் ஒன்றாக வந்து, போல்ட்டால் பொருத்தப்படுவதை வீட்டிலேயே மாற்றலாம். ஹப்பைத் தாங்கும் நக்கிளுக்குள் அழுத்திப் பொருத்தப்படுவதற்கு ஹைட்ராலிக் பிரஸ் தேவை. சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதிய பேரிங்கும் கெடும். நக்கிளைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு செல்வதே நல்லது.

ஜாக்கை மட்டும் நம்பாமல், காரை ஸ்டாண்டுகள் மீது நிறுத்த வேண்டும். பேரிங்கில் ஏபிஎஸ் காந்த வளையம் இருந்தால், அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி அமைய வேண்டும்.

இறுதியில் புதிய அச்சு நட்டைப் போட்டு, கையேட்டில் குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். அதற்குமுன் காரைத் தரையில் இறக்கினால் பேரிங் சேதமடையும்.