விதை ஊறவைப்பும் உவர் தாங்குதிறனும்

உவர் நிலத்துக்கான விதையை நீரிலோ மென்கரைசலிலோ குறித்த நேரம் ஊறவைத்து, முளை வெளிவருமுன் எடுத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைப்பது இம்முறை. தமிழ்நாட்டில் இதை 'விதை கடினப்படுத்துதல்' என்பர். நெல்லை ஊறப்போட்டுச் சாக்கில் முளைகட்டும் வழக்கத்துக்கு இது நெருங்கிய உறவு. ஆனால் அங்கே முளை வந்தாக வேண்டும், இங்கே வரவே கூடாது. முட்டை மிதக்கும் உப்புநீரில் விதையைப் போட்டுப் பதரை நீக்குவது வேறு வேலை. அது தெரிவு மட்டுமே. உவரைத் தாங்கும் பலம் அதனால் வராது.

விதை முதலில் வேகமாக நீரை உறிஞ்சும். பிறகு உறிஞ்சல் ஓய்ந்து, உள்ளே நொதியங்கள் வேலை தொடங்கும். கடைசியில் முளைவேர் வெடித்து வரும். இரண்டாம் கட்டத்தில் நிறுத்தி உலர்த்திய விதை, மீண்டும் ஈரம் கண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். உவர் மண்ணில் இந்த முந்துதல்தான் ஆதாயம். அங்கே உப்பு, நீரை விதைக்கு எட்டாமல் மண்ணிலேயே பிடித்து வைக்கிறது. பின்னர் சோடியமும் குளோரைட்டும் கலங்களில் சேர்ந்து நஞ்சாகின்றன. பொட்டாசியம் அல்லது கல்சியம் உப்புக் கரைசலில் ஊறிய நாற்றுகள் பல ஆய்வுகளில் சோடியத்தைக் குறைவாகவே ஏற்றுள்ளன. நெல்லுக்கு 1% பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசல் தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படுகிறது. நோக்கம் பெரும்பாலும் வறட்சியைத் தாங்கவைப்பது. பொலிஎதிலீன் கிளைக்கோல் கரைசலில் ஊறவைக்கும் முறையை 1973இல் ஹெய்டெக்கர் குழுவினர் வெளியிட்டனர்.

இதன் எல்லை குறுகியது. நெல் முளைக்கும்போது உவரை ஓரளவு தாங்கும். இளநாற்றிலும் பூக்கும் காலத்திலுமே தளரும். பூக்கும் பயிருக்கு, விதையை ஊறவைத்த பலன் அநேகமாக எட்டுவதில்லை. ஆகவே யாழ்ப்பாணம், மன்னார் போன்ற கரையோர வயல்களில் முதலிடம் ஏ.ரி. 354 (At 354) போன்ற உவர் தாங்கும் நெல்லினத்துக்கும் வடிகாலுக்குமே. ஊறவைத்து உலர்த்திய விதை நெடுநாள் சேமிப்புக்கும் ஆகாது.

இதற்கு மாறாக, இலங்கையின் மழை மிகுந்த பொல்பிட்டிய போன்ற இடங்களில் உப்பு மண்ணில் தங்குவதில்லை. மலைநாட்டுத் தேயிலை மண்ணின் குணம் அமிலத்தன்மை. ஆனால் நுவரெலியாவின் போஞ்சியும் கரட்டும் உவருக்கு மிகவும் கூசும் பயிர்கள்: மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1 டெசிசீமனைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். நெல்லுக்கு அந்த வரம்பு 3. மழை படாத பொலித்தீன் கூடாரத்துக்குள் உரத்தின் உப்பு தேங்கும்போது இந்தக் கூச்சம் தெரியவரும்; அங்கே முதலில் செய்ய வேண்டியது நல்ல நீர்விட்டு உப்பை அலசி இறக்குவது.