எழுபது ஆண்டுப் பெயரும் இரண்டாயிரம் ஆண்டுக் கதையும்

மாலை ஐந்தரை மணிக்கு நம் ஊர்ப் பள்ளி மைதானத்தை ஒட்டி நடப்பவர்கள் ஒரு விந்தையான ஒலியைக் கேட்கலாம். "ஹனா, துல், செட், நெட்..." வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் ஒரே குரலில் கொரிய மொழியில் எண்ணியபடி காற்றை உதைத்துக்கொண்டிருப்பார்கள். ஆசிரியர் "சாரியொத்" என்றால் விறைத்து நிற்பார்கள்; "கியொங்யே" என்றால் குனிந்து வணங்குவார்கள். கொரியா வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் அந்நாட்டு எண்கள் தெரியும்!

நம் வீட்டுப் பிள்ளையை அந்த டேக்வாண்டோ வகுப்பில் சேர்க்கச் சென்றபோது ஒரு மடிப்புத் தாளைத் தந்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த கொரியத் தற்காப்புக் கலை என்று அது தொடங்கியது. இலக்கியம் படித்தவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஆண்டுக் கணக்கைக் கண்டால் சான்று எங்கே என்று கேட்காமல் இருக்க இயலாது. அந்தத் தேடலில் கண்டவற்றை இங்கே தொகுத்துக்கொள்கிறோம்.

இரண்டாயிரம் ஆண்டுக்குக் காட்டப்படும் சான்றுகள் பெரும்பாலும் மூன்று. ஒன்று, இன்றைய சீன எல்லைக்குள் இருக்கும் கொகுர்யோ அரசின் கல்லறை ஓவியம். அதில் இருவர் கைகளை உயர்த்தி எதிரெதிரே நிற்கின்றனர். இரண்டு, எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சொக்குராம் குகைக் கோயிலின் வாயிற்காவலர் சிற்பங்கள். அவர்களின் கைநிலை டேக்வாண்டோவின் தடுப்பு முறையை ஒத்தது என்பர். மூன்று, சில்லா அரசின் ஹ்வாரங் என்னும் இளைஞர் படை.

இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பண்டைக் கொரியாவில் வெறுங்கைப் போர் இருந்தது என்பதை இவை காட்டுகின்றன. எந்த நாட்டில்தான் அது இல்லை? ஓவியத்தில் உள்ள மனிதரிடமிருந்து இன்றைய பயிற்சிக்கூடம் வரை ஆசிரியரும் மாணவருமாகத் தொடர்ந்து வந்த ஒரு கயிறு உண்டா என்பதே கேள்வி. அந்தக் கயிறு கிடைக்கவில்லை. 1790-இல் மன்னர் ஜொங்ஜோ ஆணைப்படி தொகுக்கப்பட்ட 'முயெ தோபோ தொங்ஜி' என்னும் போர்க்கலை நூலில் வெறுங்கைப் போருக்கு ஒரு பகுதி உண்டு. ஆனால் அதுவும் சீனத் தளபதி ச்சி ஜிகுவாங்கின் நூலைப் பெரிதும் தழுவியது. தெக்கியோன் என்ற பழைய உதை விளையாட்டோ இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஏறத்தாழ அழியும் நிலையில் இருந்தது. சோங் தொக்-கி என்ற முதியவரின் நினைவிலிருந்து அது மீட்கப்பட்டது. 1983-இல் தென்கொரிய அரசின் பண்பாட்டுச் செல்வமாகவும், 2011-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அது இடம்பெற்றது.

அப்படியானால் இன்றைய டேக்வாண்டோ எங்கிருந்து வந்தது? விடை கொரியர்களுக்குக் கசப்பானது. ஜப்பானிலிருந்து வந்தது.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் அடிமை நாடு. உயர்கல்விக்காக டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் சென்ற கொரிய இளைஞர் சிலர் அங்கே கராத்தே கற்றனர். அவர்களில் ஒருவரான லீ வொன்-குக், கராத்தேயின் பேராசானாகிய ஃபுனாகோஷியிடம் பயின்று, 1944-இல் சியோலில் 'சொங்தோ க்வான்' என்னும் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். விடுதலையை ஒட்டிய சில ஆண்டுகளில் வேறு பல 'க்வான்'கள் தோன்றின. மஞ்சூரியாவில் சீனக் குத்துக்கலை பயின்றவர்களும் அவற்றில் இருந்தனர். பெரும்பாலான பள்ளிகளில் கற்பிக்கப்பட்டதோ கராத்தேயின் பயிற்சி வரிசைகள். இடையில் கட்டும் வண்ணப் பட்டையும், 'டான்' என்னும் தரவரிசையும்கூட ஜப்பானிய ஜூடோ வழியாக வந்தவையே. நம் பிள்ளைகள் ஆசையோடு காத்திருக்கும் கறுப்புப் பட்டையின் ஊர் சியோல் அன்று, டோக்கியோ.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. ஜப்பானுக்கும் கராத்தே இரவல்தான். ஒகினாவாத் தீவின் கலை அது. 'சீனக் கை' என்று பொருள்படும் எழுத்துகளால் அங்கே எழுதப்பட்டது. சீனத்தோடு பகை முற்றியிருந்த 1930-களில், ஒலி மாறாமல் எழுத்தை மட்டும் மாற்றி 'வெறுங்கை' என்று ஆக்கினார்கள். பெயரை மாற்றி வேரை மறைக்கும் வழக்கம் கொரியாவில் தொடங்கியதன்று.

விடுதலை பெற்ற நாட்டின் படைவீரர்கள், தம்மை ஆண்டவர்களின் கலையை ஆண்டவர்களின் பெயராலேயே பயில்வது எப்படி? இந்த உறுத்தலுக்கு விடை தேடியவர் தளபதி சோய் ஹொங்-ஹி. அவரும் ஜப்பானில் படித்தபோது கராத்தே கற்றவர். 1954-இல் அதிபர் சிங்மன் ரீ முன்னிலையில் வீரர்கள் செய்துகாட்டிய பயிற்சியில் நாம் தெ-ஹி என்பவர் ஓடுகளை அடுக்கி ஒரே குத்தில் உடைத்தார். அதைக் கண்ட அதிபர், "இது நம் தெக்கியோன் அல்லவா!" என்று மகிழ்ந்ததாகச் சொல்வார்கள். அவர் கண்டது கராத்தே. ஆனால் அதிபர் சொன்ன பிறகு மறுக்கத் துணிபவர் யார்? அந்தப் பழம்பெயரின் ஒலியோடு ஒத்துவரும் ஒரு புதுப்பெயரைச் சோய் தேடினார். காலால் தாக்குதல் 'தே', கையால் குத்துதல் 'க்வோன்', நெறி 'தோ'. 1955 ஏப்ரல் 11-ஆம் நாள் கூடிய குழு அப்பெயரை ஏற்றது. 1961-இல் 'தேசூதோ' என்று மாற்றி, 1965-இல் மீண்டும் டேக்வாண்டோ ஆக்கினார்கள்.

இத்தனை பாடுபட்டுப் பெயர் சூட்டியவரின் கதை துயரத்தில் முடிந்தது. 1966-இல் பன்னாட்டு டேக்வாண்டோ கூட்டமைப்பைச் சியோலில் நிறுவிய சோய், பார்க் சுங்-ஹீ அரசோடு முரண்பட்டு 1972-இல் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தார். அதே ஆண்டு சியோலில் குக்கிவொன் என்னும் தலைமைக் கூடம் எழுந்தது. 1973-இல் உலகக் கூட்டமைப்பு பிறந்தது. 1980-இல் சோய் தம் கலையை வடகொரியாவுக்குக் கொண்டு சென்றார். தெற்கில் எழுதப்பட்ட வரலாறுகளில் அவர் பெயர் மங்கத் தொடங்கியது. நாடு இரண்டானது போலக் கலையும் இரண்டானது. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாக அரங்கேறியது தெற்கின் பிரிவு. 2002-இல் சோய் பியோங்யாங்கில் கண்மூடினார்.

ஆயினும் அவர் விட்டுச்சென்ற பயிற்சி வரிசைகளைப் பார்க்கும்போது இது வெறும் பெயர்மாற்றம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. கராத்தே வரிசைகளுக்கு மாற்றாகத் தம் நாட்டு வரலாற்றையே அவர் அசைவுகளில் எழுதிவைத்தார். 'ஜுங்-குன்' என்ற வரிசையில் முப்பத்திரண்டு அசைவுகள். 1909-இல் ஜப்பானியத் தலைவர் இத்தோவைச் சுட்டு, மறு ஆண்டு தூக்கிலிடப்பட்ட ஆன் ஜுங்-குன்னின் வயதை அந்த எண் குறிக்கிறது. கடற்படைத் தலைவர் யி சுன்-சின் பெயரிலான 'சுங்-மு' வரிசை இடக்கைத் தாக்குதலோடு முடிகிறது; முழு ஆற்றலையும் காட்டுமுன் மாண்ட அவருடைய இறப்பின் அடையாளம் அது. எதிரியிடம் கற்ற கலையைக்கொண்டே எதிரியோடு போராடியவரை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழமை எதற்கு? நடந்த கதையே போதுமான பெருமை உடையதாயிற்றே!

கொரியரை மட்டும் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர்தாம் சீனருக்குப் போர்க்கலை கற்பித்தார் என்று நம் பயிற்சிக்கூடங்களில் சொல்கிறார்கள்; 2011-இல் வந்த 'ஏழாம் அறிவு' திரைப்படம் அதை வீடுதோறும் சேர்த்தது. போதிதருமரை உடற்பயிற்சியோடு இணைக்கும் சீன நூலோ பதினேழாம் நூற்றாண்டுக்கு உரியது. அவர் வாழ்ந்த காலத்துக்கும் அதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. நம் துறையிலும் இதுபோன்ற கணக்கு உண்டு. இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களுக்கும் சேர்த்து 9,990 ஆண்டுகள் சொல்கிறது. அந்த எண்ணை நம்பாதவர்களுக்கும் குறுந்தொகை இனிக்கத்தான் செய்கிறது.

கடந்த வாரம் மைதானத்தில் 'ஹொசின்சுல்' எனப்படும் தற்காப்புப் பகுதியைக் கற்பித்தார்கள். ஒலிம்பிக் போட்டி வேறு, இது வேறு. போட்டியில் முகத்தில் குத்துவது குற்றம். தெருவில் தாக்குபவனுக்கு விதியேது? மணிக்கட்டை ஒருவர் இறுகப் பற்றினால், பெருவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடமே அந்தப் பிடியின் வலுவற்ற பகுதி. அந்தப் பக்கமாகக் கையைத் திருப்பி வெடுக்கென்று இழுக்கவேண்டும். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நான்கு முறை தோற்று, ஐந்தாம் முறை ஆசிரியரின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டாள். அப்போது அவள் முகத்தில் தோன்றிய வியப்புக்கு வயது ஏதுமில்லை.

மடிப்புத் தாளின் முதல் வரியை மாற்றும்படி கேட்கலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அடிமைப்பட்ட ஒரு மக்கள், தம்மை ஆண்டவர்களிடம் கற்றதைத் தமதாக்கிக்கொண்ட கலை என்று எழுதினால், பிள்ளைகளைச் சேர்க்க வருபவர்கள் குறைந்துவிடுவார்களா என்ன?